கொம்பனைக் கண்ணில் ஒற்றிய நாள்

இத்தாலியில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். தனியே இருக்கிற வயதான மனுஷி. சுவர் முழுக்க மாதா படமும் ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியா படமும். விளக்குமாறு எடுக்க முதல் நானும் ஒரு கும்பிடு போட்டுவிடுவேன்.

அவருடைய காலஞ்சென்ற கணவர் ஒரு அலுமாரி நிறையப் பழைய மாயக் கதைப்புத்தகங்கள் விட்டுப் போயிருந்தார். திறந்த இடமெல்லாம் படம். வௌவால் செட்டை முளைத்த குறளிகள், மரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற முகங்கள், காளான்மேல் குந்தியிருக்கும், தலையில் இரண்டு கொம்பு முளைத்த ஒரு கொம்பன். சிஞ்ஞோராவுக்கு அதுகளைக் கண்டால் நடுக்கம். எனக்குப் பயமில்லை. பல்லை நீட்டிக்கொண்டு நிற்கிற துவாரபாலகரைத் தாண்டித்தானே நாங்கள் கோயிலுக்குள் போகிறோம். அந்தக் கொம்பன் வேறு, மூக்கும் தொந்தியுமாக அச்சொட்டாய் என் மச்சானைப் போலிருந்தான்.

ஒருநாள் தூசி தட்டும்போது அந்தப் புத்தகம் வழுக்கி விழுந்து, என் கால் அதில் பட்டுவிட்டது. எழுத்தில் கால் பட்டால் சும்மா விட முடியுமா? "சிவ சிவா" என்று எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றினேன். நிமிர்ந்தால், வாசலில் சிஞ்ஞோரா. புத்தகம் விரிந்திருந்தது கொம்பன் பக்கத்தில்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "நீ அதைக் கும்பிடுறியோ?"

என் இத்தாலிய மொழி சமையலறைக்கும் விசா பதிகிற கொஸ்தூராப் பொலிசுக்கும் காணும், சரஸ்வதிக்குக் காணாது. "புத்தகம் எங்களுக்குக் கடவுள், சிஞ்ஞோரா" என்றேன். அதோடு காரியம் முழுதாய்க் கெட்டது. பங்குச் சுவாமியாரிடம் கேட்கும்வரை வர வேண்டாம் என்றுவிட்டார். அந்த மாதம்தான் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, புதுப்பிக்க வேண்டும். வேலைக் கடதாசியில் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் நடக்காது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"ஏனப்பா, ஒற்றினதுதான் ஒற்றினீங்கள், சாந்தா ரொசாலியாவை ஒற்றியிருக்கக் கூடாதோ?"

"கால் பட்டது கொம்பனிலை எல்லோ."

"அண்ணாவைப் போல கிடக்கு எண்ட படமோ?"

"ஓம்."

"அப்ப கும்பிட்டதிலை பிழையில்லை." சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "வாயாலை விளங்கப்படுத்தாதேங்கோ. போய்ச் செய்து காட்டுங்கோ."

அடுத்த நாள் காலை போனேன். சிஞ்ஞோரா கதவைப் பாதிதான் திறந்தார். கையில் தீர்த்தப் போத்தல். படியில் கிடந்த கடை விளம்பரத் தாளை எடுத்து அவர் முன்னால் தரையில் போட்டேன். வேண்டுமென்று மிதிக்கக் கால் கூசியது. தாயே பொறுத்துக்கொள் என்று மிதித்து, எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். அதில் இருந்தது இறால் படம். பிறகு தபால் பெட்டியில் செருகியிருந்த அவருடைய மின்சாரப் பில். அதையும் மிதித்து ஒற்றினேன்.

சிஞ்ஞோரா கதவிடுக்கால் தலையை நீட்டினார். "மின்சாரப் பில்லையுமோ?"

"எந்தக் கடதாசி எண்டாலும், சிஞ்ஞோரா."

"கொம்பனை மன்னிக்கலாம்," என்றார். "உந்தப் பில்தான் சரியான பிசாசு."

கதவு முழுதாய்த் திறந்தது. கையெழுத்தும் வைத்தார். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று புத்தகத்துக்கும் எனக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார். யார் தந்தாலும் தீர்த்தம் தீர்த்தம்தானே. இரண்டு கையாலும் ஏந்தித் தலையில் தடவிக்கொண்டேன்.