மூன்று மணி நேரத்தை ஒன்றாக எண்ணியவள்

அவள் நெட்டைக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். கைநீட்டி வாங்கிய கடன் அல்ல. அவன் கேட்ட கடனும் அல்ல. அவள் எழுதிய கணினி நிரலில் ஒரு வரி பிசகியதால், வகுப்புத் தோழனான அவன் கல்லூரி அலுவலகத்தில் கட்டிய அபராதம். அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நான்கு மாதம் அலைந்தாள்.

அலைச்சல் அவளுக்குப் புதிதல்ல. காலைச் சாப்பாடே நின்றபடிதான். ஒரு கையில் தட்டு, மறு கையில் கைபேசி. அதில் யாரோ ஒருவர் நிரல் எழுதச் சொல்லித்தரும் காணொளி ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தூணும் உத்தரமும் நிறைந்த செங்கல் கனத்துப் புத்தகத்தைப் பேருந்தில் மடியில் விரித்து, அதன் மேல் மடிக்கணினியை வைத்துத் தட்டுவாள். யாரோ பயன்படுத்திக் கழித்த கணினி. அரைப்புள்ளி விசை எப்போதோ உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தைத் தீக்குச்சி முனையால் குத்துவாள். எழுதும் மொழியில் வரிக்கு வரி அரைப்புள்ளி வேண்டும் என்பதால், பையில் எந்நேரமும் ஒரு தீப்பெட்டி இருக்கும். "சிகரெட்டா?" என்று கேட்பவர்களிடம் "ஆமா, வரிக்கு ஒண்ணு" என்பாள்.

வரைபட வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அவள் கால் ஆடினால் பெஞ்சு ஆடும், பெஞ்சு ஆடினால் கோடு கோணும்.

அம்மா தையல்காரி. பொத்தான் தைத்துக்கொண்டே அலுத்துக்கொள்வார். "பாலம் கட்டப் போறேன்னுதானடி சேந்த? இப்ப எதுக்கு இந்தப் பொட்டியத் தட்டிக்கிட்டே உக்காந்திருக்க?"

"எங்கம்மா உக்காந்தேன்? நின்னுக்கிட்டுதான தட்டுறேன்."

எதைக் கேட்டாலும் "ஒரு அரைமணி குடு" என்பதே பதில். அரைமணி பாடம், அரைமணி நிரல் என்று நாளையே நறுக்கி வைத்திருக்கிறாள். அதனால் வகுப்பில் அவளுக்குப் பெயர் அரைமணி. பேராசிரியர்கள் இதைப் பார்த்து அதிசயப்படுகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, காலையில் ஒரு முதலாளி, மாலையில் இன்னொரு முதலாளி என்று ஓடி, கடைசியில் தானே முதலாளி ஆனவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஓடுகிற காலைப் பார்த்ததுமே அவர்களுக்கு அடையாளம் தெரியும்.

நிரல் பைத்தியம் பிடித்தது இரண்டாம் ஆண்டில். ஒரு உத்தரத்தின் கணக்கை நான்கு மணி நேரம் கையால் போட்டு, கடைசியில் கூட்டலுக்குப் பதில் கழித்து வைத்திருந்தாள். மேல் வகுப்பு அக்கா ஒருத்தி அதே கணக்கை ஒரு நிமிடத்தில் கணினியில் போட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து அரைமணிக்கு எதைப் பார்த்தாலும் நிரலாகத் தெரிந்தது.

அப்படிப் பிறந்ததுதான் வருகைக் கணக்கு நிரல். நூற்றுக்கு எழுபத்தைந்து வகுப்புக்கு வராதவர்களை அபராதம் இல்லாமல் தேர்வு எழுத விடமாட்டார்கள். இன்னும் எத்தனை வகுப்புக்கு மட்டம் போடலாம் என்று அவளுடைய நிரல் சொல்லும். பதினோரு பேர் அதை நம்பி மட்டம் போட்டார்கள், நாள் தவறாமல்.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு அலுவலகப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அவளுடைய வருகை, நிரல் காட்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். இவளுக்கு நிரலில் பிழை என்று பட்டது. நேரே போய் எழுத்தரிடம் கேட்டாள்.

"லேப்ப எத்தன வகுப்பா எண்ணுவீங்க சார்?"

"மூணு மணி நேரம் நடக்குதில்ல? அப்ப மூணு. இது கூடத் தெரியாமலா மூணு வருசம் வந்த?"

அவள் ஒன்றாக எண்ணியிருந்தாள். லேப் தவறாமல் போகிறவளுக்கு அதனால் லாபம். லேப்புக்கு மட்டம் போட்டவனுக்கு ஒன்றுக்கு மூன்றாக அடி. மதியம் ஆசிரியர் வருவதற்குள் பலகை முன்னால் போய் நின்றாள். "தப்பு என்னோடது. லேப்ப ஒண்ணா எண்ணிட்டேன். யாரும் இனிமே ஒரு வகுப்பு கூட விடாதீங்க."

"அடிப்பாவி!" என்று பத்துக் குரல் ஒன்றாக எழுந்தது. அந்தப் பத்துப் பேரும் மூன்று வாரம் மூச்சுவிடாமல் வந்து தப்பித்தார்கள். பதினோராவது ஆள் நெட்டை. மதிய நேரத்தில் அப்பாவின் டயர் கடையைப் பார்த்துக்கொள்கிறவன். லேப் எல்லாம் மதியத்தில்தான். எழுபத்தொன்றுக்கு மேல் அவன் ஏறவில்லை. பைக் என்ஜினைச் சரிசெய்ய வைத்திருந்த பணத்தை எடுத்து அபராதம் கட்டினான். பைக் கொட்டகையில் நின்றது; அவன் இரண்டு பேருந்து மாறி வந்தான். முதல் வகுப்பின் பாதியில் அவன் குனிந்து நுழையும்போதெல்லாம் அரைமணி புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

"ஓசில குடுத்த நிரலுக்கு எவனாவது நஷ்டஈடு குடுப்பானா?" என்று தோழிகள் சிரித்தார்கள். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. அந்தப் பணத்தைக் கொடுக்காமல் இன்னொரு நிரலை இன்னொருவர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தோன்றுவதையெல்லாம் எழுதுவாள், ஒருவரிடமும் காட்டாமல் அழிப்பாள்.

கடைசியில் அம்மாதான் ஒரு வேலை கொண்டுவந்தார். தைத்த துணிகளைத் தேய்க்கக் கொடுக்கும் சலவைக் கடையில் ஒருவர் சட்டை இன்னொருவருக்கு மாறிப் போய்க்கொண்டே இருந்தது; அதைத் தடுக்க ஒரு நிரல் வேண்டுமாம். அந்த முதலாளி கையெழுத்தைத் தவிர வேறு எழுத்துப் போட்டறியாதவர்; ஆனால் மூன்று கடை. யார் தயவும் இல்லாமல் எழுப்பிய மூன்று கடை. இதை அவரே ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்வார். சொல்லட்டும், அப்படி எழுப்பியவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

"ஒரு மாசம் ஒரு சட்டை மாறக் கூடாது. மாறலேன்னா ஐயாயிரம். மாறுச்சு, நீதான் சட்டை வாங்கித் தரணும்" என்றார்.

நெட்டையின் பணத்துக்கு வேறு வழி இல்லாததால் ஒப்புக்கொண்டாள்; ஆனால் இந்த முறை எடுத்ததும் கணினியைத் திறக்கவில்லை. "கோட்டும் பேண்ட்டும் ஒரு உருப்படியா, ரெண்டாண்ணே?"

"ரெண்டு. ஆனா மாப்பிள்ள கோட்டுன்னா ஒண்ணு."

"அது ஏன்?"

"பேண்ட் மாறிப் போச்சுன்னு வையி, மாப்பிள்ள வீட்டுக்கு எவன் பதில் சொல்றது? அத சேத்தேதான் கட்டணும்."

எழுதிக்கொண்டாள். போர்வை, உறை, திரைச்சீலை என்று கேட்டுக் கேட்டு அவர் பொறுமையைச் சோதித்தாள். நிரலை எழுதி முடித்த பிறகு மூன்று மதியம் கடையிலேயே நின்று, வந்த மூட்டை ஒவ்வொன்றையும் கையால் எண்ணி நிரலோடு ஒத்துப் பார்த்தாள். இரண்டாம் நாள் இரண்டு உருப்படி இடித்தது. திரைச்சீலையை அவர் ஜோடியாக எண்ணுகிறார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

"இத ஏண்ணே முன்னாடியே சொல்லல?"

"திரைச்சீலைய ஒத்தையா எவளாவது தொங்கவிடுவாளா? இதெல்லாமா சொல்லுவாங்க?"

திங்கட்கிழமை கட்டமைப்புத் தேர்வு. தேய்க்கும் மேசையின் ஓரத்தில் புத்தகத்தைச் சாய்த்துவைத்து, துணி வரும் இடைவெளியில் படித்தாள். தாளெல்லாம் சூடாக இருந்தது என்றும், தூண் வளைகிற பாடத்தில் இன்றைக்கும் சோப்பு வாசனை வருகிறது என்றும் சொல்கிறாள். தேற ஐம்பது வேண்டிய இடத்தில் ஐம்பத்திரண்டு வாங்கினாள். அம்மா ஊசியில் நூல் கோத்து அடுத்த பொத்தானை எடுத்தார்.

மாதம் முடிந்தது. ஒரு சட்டையும் மாறவில்லை. முதலாளி ஐயாயிரத்தைக் கொடுத்து, "அடுத்த ரெண்டு கடைக்கும் போடு" என்றார். யாரிடமும் "அரைமணி குடு" என்று கூடச் சொல்லாமல் அவள் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள். முதல் பேருந்திலிருந்து இறங்கி இரண்டாவதற்காக நெட்டை அங்கே காத்து நின்றான்.

"கையக் காட்டு."

"எதுக்கு, ஜோசியமா?" பணத்தைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்தான். "லூசா நீ? மட்டம் போட்டது நானு. சோம்பேறித்தனம் என்னோடது."

"நீ சோம்பேறிதான், நான் இல்லேன்னு சொல்லல. உன் சோம்பேறித்தனத்துக்குக் கணக்குப் போட்டுக் குடுத்தவ நான்."

"நான் கேட்டேனா?"

"கேட்டிருந்தா சண்ட போட்டுக் குடுக்காம விட்டிருப்பேன். பஸ்ஸு வருது. கையக் காட்டுடா."

அவன் பேருந்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அந்த நீளக் கையை நீட்டினான். விரல்கள் பாதி மூடியே இருந்தன. ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டாள். ஐந்நூறு நோட்டு எட்டையும் வாய்விட்டு எண்ணி வைத்தாள். பேருந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, அவன் இல்லாமல் கிளம்பிப் போனது. அவள் தலைநிமிரவில்லை. மிச்சம் இரண்டு நூறு. ஒன்றோடொன்று ஒட்டியிருந்த புது நோட்டுகளை நகத்தால் பிரித்து, ஒன்று வைத்தாள். அதன் மேல் மற்றொன்று வைத்தாள்.