ஆவிக்குழாயில் அடித்த தக்கை

எழுபதுகளில் கடப்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் மட்டும்தான் வெயிலிலேயே வெந்நீர் காயும் டிரம் இருந்தது. ஆவி வெளியேற அதன் உச்சியில் ஒரு குழாய் திறந்தே நிற்கும். என் கணவருக்கு அது பொறுக்கவில்லை. மீன்வலையில் கட்டும் தக்கை ஒன்றை அதில் அடித்து இறுக்கினார்.

“இன்னாங்க, அத்தப் போயி அடைக்கலாமா?” என்றேன்.

“ஆவியா போற சூடு நம்ம வூட்டுதுடி!”

மறுநாள் உச்சிவெயிலில் பாத்திரம் கழுவ, கீழே வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். ஆவி சீறியடித்ததில் முழங்கை வரை வெந்துவிட்டது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார்: “இவளுக்கு ஒரு கொழாய தொறக்கக்கூட தெரியல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கிப் போட்டிருந்த தக்கையை எடுத்துவந்து, அத்தனை பேர் முன்னாலும் அவர் மடியில் போட்டேன்.

“இத்த யாரு அடிச்சதுன்னு சொல்லுங்க.”

கை எப்போதோ ஆறிவிட்டது. அவர் இன்னும் சொல்லவில்லை.