பாட்டு நின்றதும் எல்லாரும் மேலே பார்த்தார்கள்

இன்று சனிக்கிழமை மத்தியானம் அம்மாவும் நானும் டவுன்டவுன் நூலகத்துக்குப் போய்விட்டு தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காருக்குக் காத்து நின்றோம். எதிரே தேவாலயக் கோபுரத்து மணிகளில் ஒரு கிறிஸ்மஸ் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. தரிப்பில் நின்ற எல்லாரும் போனைத்தான் பார்த்தார்கள். நானும்தான்.

பாதியில் ஒரு மணி பிழையாக ஒலித்தது. பாட்டு நின்றது. பிறகு முதலிலிருந்து தொடங்கியது.

"அப்ப ரெக்கோர்டிங் இல்லை. ஆரோ மேல இருக்கினம்," என்றார் அம்மா.

ஸ்ட்ரீட்கார் வந்தது. நாங்கள் ஏறவில்லை. வேறு இரண்டு பேரும் ஏறவில்லை.

பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில், கோபுரத்தின் பக்கக் கதவால் ஓர் அன்ரி வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றார். நாங்கள் தமிழில் கதைப்பதைக் கேட்டதும் திரும்பினார்.

"பிள்ளை, நான்தான் அடிச்சனான். இண்டைக்குத்தான் முதல் தரம் தனிய. பிழை விட்டது கீழ கேட்டதோ?"

அம்மா என் கையைக் கிள்ளினார். எனக்குப் பொய் வரவில்லை.

"ஓம் அன்ரி. நல்லாக் கேட்டது."

"அப்ப இனி வேற ஆரையாவது அடிக்கச் சொல்லுவம். இதுவும் பியானோ மாதிரிக் கட்டையளைத் தட்டித்தான் அடிக்கிறது. ஆனா பியானோ எண்டா வீட்டுக்குள்ள பிழை விடலாம். இது ரோட்டு முழுக்கக் கேக்குது."

"இல்லை அன்ரி, நிண்ட பிறகுதான் எல்லாரும் மேல பாத்தவை. நாங்கள் நாலு பேர் ஸ்ட்ரீட்காரையும் விட்டிட்டு முடியுமட்டும் கேட்டனாங்கள்."

அன்ரி என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப அடுத்த சனியும் ஒரு பிழை விடட்டோ?"

விடமாட்டார். வீட்டில் சாப்பாட்டு மேசையில் தட்டித் தட்டிப் பழகப்போகிறாராம்.

ஆகவே நண்பர்களே, அடுத்த சனிக்கிழமை பாட்டு பிழையில்லாமல் வந்தாலும், தயவுசெய்து யாராவது ஒருதடவை மேலே பாருங்கள்.