நெத்திலியை வெறும் வயிற்றில் வரச்சொன்ன நாள்

"…ஒரு கொத்தமல்லித் தழகூட காட்டலம்மா. நேத்து ராவு எட்டு மணிக்குக் கூடைய மூடனேன், இப்பத்தான் தொறக்கறேன். நீ சொன்ன மாதிரியே வெறும் வயித்தோட இட்டாந்துகீறேன். செக்கப்ப ஆரம்பி."

எல்லம்மாக்கா இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது பெருமை. வீட்டுப்பாடம் முழுவதையும் முடித்துவிட்டு டீச்சர் எப்போது கேட்பார் என்று காத்திருக்கும் பிள்ளையின் பெருமை. என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கையில் இருந்த பேனா கீழே விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

என் பெயர் ஸ்டெல்லா. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன பிராணி கிளினிக்கில் பதினெட்டு வருடமாக முன் டெஸ்க்கில் இருக்கிறேன். படிப்பு பிளஸ் டூ. மருந்துப் பெயர், டோஸ் எழுதுவது, கடிக்கிற நாயை எந்தப் பக்கமாகப் பிடிப்பது எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவை. புதிதாக டெஸ்க் வேலைக்கு வரும் பெண்கள், "அக்கா, முதல்ல எதைக் கத்துக்கணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கூடைக் கதை.

கூடைக்குள் இருந்தது ஒரு கினி பிக், பெரிய எலி போல, வாலில்லாமல் இருக்கும் வளர்ப்புப் பிராணி. நாய்க்கு ஆபரேஷன் என்றால் முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வோம். நாய் ஒரு வேளை பட்டினி கிடந்தால் நம்மை முறைக்கும், அவ்வளவுதான். கினி பிக் அப்படி இல்லை. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே புல் போனால்தான் கீழே நகரும். ஒரு ராத்திரி முழுக்க ஒன்றும் போகவில்லை என்றால் குடல் மெதுவாகி, நின்று, காற்றுக் கட்டிவிடும். நின்றதைத் திரும்ப ஓடவைப்பது பெரும்பாடு. உயிரே போய்விடலாம்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த வாய்தான் போனில் அப்படிச் சொல்லியிருந்தது.

இதுக்கு இன்னாத்துக்கு செக்கப்பு?

எல்லம்மாக்கா பொழிச்சலூரில் தெருத்தெருவாக மீன் விற்பவர். பிறந்தது கோவளம் பக்கத்துக் குப்பம். மகள் செல்வி பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அறைத் தோழி ஒருத்தி படிப்பை விட்டுப் போகும்போது கினி பிக்கை இவள் கையில் கொடுத்துவிட்டாள். வார்டன் கண்ணில் பட்டது. அன்று சாயங்காலமே அது துப்பட்டாவுக்குள் ஒளிந்து மின்சார ரயிலேறி அம்மாவிடம் வந்துசேர்ந்தது. வந்தபோது கையளவு இருந்ததால் நெத்திலி என்று பெயர் வைத்தார் அம்மா. அப்புறம் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஆகிவிட்டது. பெயர் மட்டும் வளரவில்லை.

செல்விதான் போன் செய்து முதல் அப்பாயின்ட்மென்ட் வாங்கினாள். அம்மா வரும்போதே சண்டையோடு வந்தார்.

"நல்லா துன்னுது. நல்லா கத்துது. என்னப் பாத்தா ஓடியாருது. இதுக்கு இன்னாத்துக்குமா செக்கப்பு? என் வூட்டுக்காரர இருவது வருசமா செக்கப்புக்குக் கூப்ட்டுகினு கீறேன், அவரே வர்ல. அவருக்கு மின்னாடி இதுவா?"

எங்கள் டாக்டரம்மா பொறுமைக்காரர். "ஊசி எதுவும் கிடையாதும்மா. நாய்க்கு மாதிரி தடுப்பூசி இதுக்கு இல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவை பல்லு, தோல், நகம், வயிறு பார்த்தா போதும். இது உடம்பு சரியில்லைன்னா வெளிய காட்டிக்காது. சுணங்கி உக்காந்தா ஏதாவது வந்து பிடிச்சிடும்னு பயம். கடைசிவரைக்கும் நல்லா இருக்கற மாதிரியே உக்காந்திருக்கும்."

"எங்க மாமியாருக்கு நேர் எதிருன்னு சொல்லு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்ன தின்னக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். புல், கொத்தமல்லி, கொய்யா என்றார் எல்லம்மாக்கா. நல்லதுதான், வைட்டமின் சி வெளியிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். "வாரம் ஒரு தடவை வீட்லயே எடை போட்டு எழுதி வைங்க. நாங்க ஆறு மாசத்துக்கு ஒருதடவை பாக்கறதைவிட அது முக்கியம்."

"எட போடறத எனக்கு நீ சொல்லித் தர்றியா?" எல்லம்மாக்கா நெத்திலியை ஒரு கையால் தூக்கினார். கண்ணை ஒரு நொடி மூடினார். "தொள்ளாயிரத்தி எம்பது."

எங்கள் டிஜிட்டல் தராசில் வைத்தேன். தொள்ளாயிரத்து எண்பத்தைந்து காட்டியது.

"அஞ்சு கிராம் உன் மிஷின் கோளாறு," என்றார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அப்பாயின்ட்மென்ட் நோட்டின் கடைசிப் பக்கங்களில், வருகிறவர்கள் சொல்லும் நல்ல வாசகங்களை எழுதிவைப்பேன். 'இவன் கடிக்க மாட்டான் மேடம், பல்லு மட்டும் லேசா படும்' என்பது சேலையூர்க்காரர் ஒருவர் சொன்னது. அன்றைக்கு எல்லம்மாக்காவின் மிஷின் கோளாறும் அதில் ஏறியது. எழுதி முடித்த சந்தோஷத்தில், "ஆறு மாசம் கழிச்சு நானே போன் பண்றேன் அக்கா. அதுவரைக்கும் நீங்க வர வேண்டாம்," என்றேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் என் கணக்கில்தான் வரும்.

ஐந்தாவது போன்

ஆறு மாதம் கழித்து, சொன்னபடி போன் செய்தேன். அன்று பிற்பகல் என் பட்டியலில் மறுநாளைக்கு ஐந்து பேர். முதல் நான்கும் சர்ஜரி: மூன்று நாய், ஒரு பூனை. நான்கு பேரிடமும் ஒரே பாட்டு: "நைட்டு எட்டு மணிக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க, காலையில வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க." ஐந்தாவது எல்லம்மாக்கா. நாக்கு அதே தண்டவாளத்திலேயே போய்விட்டது.

அவர் திருப்பிக் கேட்கவும் செய்தார். "சாய்ந்தரம் ஆனா புல்லு கேட்டு கத்துமேம்மா?"

"கத்தினாலும் குடுக்காதீங்க அக்கா. ஒரு நாள்தானே," என்றேன். ஒரு கையில் ரிசீவர், மறு கையில் நாய்க் கார்டு. காது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

அவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. எல்லம்மாக்காவுக்குச் சர்க்கரை உண்டு. மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிறவர். நம் ஊரில் செக்கப் என்றாலே வெறும் வயிறுதானே.

நடுவுல பூர்றியே

பேனாவை எடுக்கக்கூட நிற்காமல் கூடையை டாக்டரம்மா அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நெத்திலி முதுகைக் கூனி, முடியைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. முதல் தடவை வந்தபோது கிளினிக் முழுக்கக் கேட்கும்படி கீச்சிட்ட பிராணி. டாக்டரம்மா ஸ்டெத்தை வயிற்றில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்துக் கேட்டார். அப்புறம் நிமிர்ந்தார்.

"யாரு தீனி குடுக்க வேண்டாம்னு சொன்னது?"

எல்லம்மாக்கா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே அவர் வஞ்சிரம் வாங்குவாரா மத்தி வாங்குவாரா என்று சொல்லிவிடுகிறவருக்கு என் முகம் என்ன பெரிய கஷ்டம்.

"நான்தாம்மா. எனக்கு சக்கர டெஸ்ட்டுக்கு அப்டித்தான சொல்றாங்கோ. இதுக்கும் அப்டித்தான்னு நெனச்சிகினேன்."

'இப்பத்தான் கரைக்கு வந்த மீனு' என்று சொல்லும் அதே நிமிர்ந்த குரல். ஒரு பிசிறு இல்லை.

"இல்ல டாக்டர்," என்றேன். "நான்தான் போன்ல சொன்னேன். அவங்க திருப்பிக் கேட்டாங்க. அப்பவும் அதையேதான் சொன்னேன்."

"த, நான்தான் சொல்லிகினு கீறனே, நீ இன்னாத்துக்கு நடுவுல பூர்ற?"

டாக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்தார். "யார் தப்புன்னு சாயங்காலம் ஏலம் விட்டுக்கலாம். ஸ்டெல்லா, புல்லுத்தூளை வெந்நீர்ல கரை. சின்ன சிரிஞ்ச் எடு."

தராசில் வைத்தால் எண்ணூற்று எண்பது. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "ஒரு ராத்திரி பட்டினிக்கு நூறு கிராம் குறையாதே. எடை போட்டுக்கிட்டு வந்தீங்களா?"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம, மீன் தராச எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சிட்டு." எல்லம்மாக்கா விரலை மடக்கினார். "போன வாரம் தொள்ளாயிரத்திப் பத்து. அதுக்கு மொத வாரம் தொள்ளாயிரத்தி நாப்பது. அதுக்கும் மொத வாரம் தொள்ளாயிரத்தி எழுவது. அதுக்கு மேல ஆயிரம்."

"மூணு வாரமா எறங்கிட்டே வருது. உடனே ஏன் வரல?"

"இஸ்டெல்லா ஆறு மாசம்னுச்சு. ஆறு மாசம் முடியறதுக்குள்ள வந்து நின்னா உங்களுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன்."

இந்தத் தடவை கையில் பேனா இல்லை. இருந்திருந்தால் அதுவும் விழுந்திருக்கும்.

டாக்டரம்மா வாய்க்குள் சின்ன ஸ்கோப்பை விட்டுப் பார்த்தார். முன்பற்கள் எல்லாம் அழகாக இருந்தன. உள்ளே, யாரும் வீட்டில் பார்க்க முடியாத இடத்தில், ஒரு கடைவாய்ப்பல் சாய்ந்து வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் தீனியை இழுத்து, மென்று, பாதியைக் கீழே விட்டிருக்கிறது. பார்க்கிறவருக்குத் தின்கிற மாதிரியே இருந்திருக்கும்.

"பல்லைத் தேய்ச்சு ராவணும். ஆனா மயக்கம் குடுக்கற நிலைமையில இது இப்ப இல்ல. முதல்ல குடல் ஓடணும். புழுக்கை விழணும். அதுவரைக்கும் வேற பேச்சு இல்ல."

மூன்று டீ

காலை பத்து மணியிலிருந்து வேலை அதுதான். வலிக்கும் குடலுக்குமாக டாக்டரம்மா கொடுத்த மருந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக சிரிஞ்சில் புல்லுக் கரைசல், வயிற்றை மெல்லத் தேய்த்துவிடுவது, காத்திருப்பது. எல்லம்மாக்கா அன்றைக்கு மீனுக்கே போகவில்லை. பெஞ்சில் மடியில் துண்டு விரித்து நெத்திலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடையிலிருந்து நான் சர்க்கரை இல்லாத டீ வாங்கிவந்து வைத்தேன். "வை, ஆறட்டும்," என்றார். மதியம் ஒன்று. "வை." மூன்று மணிக்கு இன்னொன்று.

லாப்ரடார் நாயோடு வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, எலிக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"எலி இல்ல சார். பேஷன்ட்டு," என்றார் எல்லம்மாக்கா.

நோட்டை எடுக்கத் தோன்றவில்லை. பிறகு ஞாபகத்திலிருந்துதான் எழுதினேன்.

மதிய இடைவேளையில் செல்வியின் வீடியோ கால் வந்தது. "அம்மா, நெத்திலிய காட்டு."

எல்லம்மாக்கா போனைத் திருப்பி மின்விசிறியைக் காட்டினார். "தூங்குது. நீ படி."

"அது எங்க, ஃபேன் மேலயா தூங்குது?"

"டவர் சரியில்ல," என்று சொல்லிக் கட் செய்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "செல்விக்குப் பரீச்ச நேரம். நெத்திலிக்கு ஒண்ணு ஆயிட்சின்னா எப்புடி சொல்றதுன்னு தெரில. காலேஜி எப்டிகீதுன்னு கேட்டா ஒரு வார்த்த. இத்தப் பத்தின்னா ஒரு மணி நேரம் என்னாண்ட பேசும்."

நான் சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய சிரிஞ்சையே இன்னொரு தடவை கழுவினேன்.

நாலரை மணி இருக்கும். துண்டில் கறுப்பாக, சின்னச் சின்னதாக மூன்று. இந்தப் பதினெட்டு வருடத்தில் அந்தப் பொருளைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. "டாக்டர், மூணு," என்று கத்தினேன்.

"நாலு," என்றார் எல்லம்மாக்கா, துண்டின் மடிப்பை விலக்கி.

இப்போது சொல்வது

இரண்டு நாள் கழித்து, தெம்பு வந்தபின், டாக்டரம்மா பல்லை ராவினார். சாய்ந்த பல் திரும்ப வளரக்கூடியது என்பதால் இப்போது நெத்திலி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்ட வருகிறது. தீனி தின்றுவிட்டுத்தான் வருகிறது.

கினி பிக்குக்கு வழக்கமான செக்கப் தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் அன்றோடு மாறிவிட்டது. தேவைதான், கடைவாய்ப்பல்லை வீட்டில் யாராலும் பார்க்க முடியாது. ஆனால் அந்தப் பல் வேலையைக் காட்டுகிறது என்று முதலில் சொன்னது எங்கள் ஸ்கோப் இல்லை, மீன் தராசு. அதனால் வாராவாரம் எடை. இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் எந்தத் தேதிக்கும் காத்திருக்காமல் வாருங்கள் என்று அடுத்த தேதியைச் சொல்லும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். போனுக்கு எதிரே சுவரில் சிவப்பு மையில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறேன்: 'கினி பிக், முயல் - தின்றுவிட்டு வரச் சொல். புல்லைக் கூடையிலும் போட்டுவரச் சொல்.'

புதிய பெண்கள் அந்தத் தாளைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டெஸ்க்கில் இருக்கிற நமக்கு அது நாளின் ஐந்தாவது போன். அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது ஒன்றுதான் போன். நாம் சொன்னதை அவர் ஒரு எழுத்து விடாமல் செய்வார் என்று வைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும்.

எவ்வளவு செய்வார் என்பது எனக்கு அன்று சாயங்காலம்தான் முழுசாகத் தெரிந்தது.

ஐந்தரை மணிக்கு நெத்திலி என் கையிலிருந்து ஒரு கொத்தமல்லித் தழையைத் தானாகவே இழுத்தது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ராத்திரி என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போனார். எல்லம்மாக்கா துண்டை உதறி மடித்தார்.

"அப்போ செக்கப்பு முடிஞ்சிட்ச்சா?"

"முடிஞ்சிடுச்சுக்கா."

"இனிமே துன்லாமா?"

"நெத்திலியா? தாராளமா. நிறுத்தவே கூடாது."

"அத்த சொல்லல. நானு."

பெஞ்சின் ஓரத்தில் மூன்று டீயும் ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தன.

"அக்கா, எப்பலேர்ந்து சாப்பிடல?"

"அது கூடைக்குள்ள கத்திகினு கெடக்கசொல்ல எனக்கு மட்டும் எறங்குமா?"

"சர்க்கரை இருக்குக்கா உங்களுக்கு. மாத்திரை?"

"சோத்தோடதான மாத்திர." ஒயர் பையின் அடியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார். திறந்தார். சோறும் கருவாட்டுத் தொக்கும். மூடியில் பாதியை அள்ளி வைத்து, என் அப்பாயின்ட்மென்ட் நோட்டின் மேலேயே நகர்த்தினார். "நீயும்தான் காத்தாலேர்ந்து துன்னல. பாத்துகினுதான் கீறேன்," என்று சொல்லிவிட்டு, நெத்திலியின் வாயிலிருந்து தொங்கிய தழை முழுவதும் உள்ளே போகிறவரை பார்த்திருந்து, தன் முதல் கவளத்தை எடுத்தார்.