மூன்று பேண்டு ஜெபமாலை

பாம்பன் கருவாட்டுக் கிட்டங்கியில் தராசு பிடித்த ஜெபமாலைக்குப் பொறாமைக் குணம் கிடையாது. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு இன்னாசி கூரையைப் பிரித்து ஓடு போட்டபோது அவர் பொறாமைப்படவில்லை. பாவம், சித்திரை வெயிலில் வெந்துபோவானே என்று இரக்கப்பட்டார். தன்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த சூசைமுத்து கணக்கப்பிள்ளையாகி நாற்காலியில் உட்கார்ந்தபோதும் அப்படித்தான். உட்கார்ந்தே இருப்பவனுக்கு மூலம் வருமே என்று கவலைப்பட்டார். ஊரில் யாருக்கு நல்லது நடந்தாலும் அவருக்கு அந்த ஆள்மேல் ஒரு பரிதாபம் பிறந்துவிடும்.

பரிதாபப்படவே முடியாத ஒரே ஆள் சகலை கில்பர்ட். ஜெபமாலையின் மனைவி லீமாரோஸின் தங்கை சவேரியம்மாளைக் கட்டியவன். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போய்வரும் கப்பலில் வேலை. நன்றாகச் சிரிப்பான், நன்றாகச் சாப்பிடுவான், ஜெபமாலையை வாய் நிறைய ‘அண்ணே’ என்பான். ஒரு மனிதனை வெறுக்க இவ்வளவு குறைவான வசதிகளோடு ஜெபமாலை வெகுகாலம் சிரமப்பட்டார்.

1961 கிறிஸ்துமஸுக்கு கில்பர்ட் கொழும்பிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கொண்டுவந்தான். ஒரே பேண்டு, மீடியம் வேவ் அலைவரிசை மட்டும். தோல் உறை போட்டது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து தினமும் மாலை நான்கு மணிக்கு இலங்கை வானொலி சினிமாப் பாட்டு போட்டது. அந்த நான்கு மணிக்குத்தான் ஜெபமாலை கிட்டங்கியிலிருந்து வீடு திரும்புவார். அந்த நான்கு மணிக்குத்தான் லீமாரோஸ் கடுங்காப்பியை மூடிவைத்துவிட்டு, மூன்று வீடு தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குப் போவாள். ஆறு மணிக்குத் திரும்பி வருவாள்.

நான்கு மணிக்கு கில்பர்ட் நடுக்கடலில் இருப்பான் என்பது ஜெபமாலைக்குத் தெரியும். பொறாமைக்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, சூசைமுத்து நாற்காலியில் இருந்தபடியே கூப்பிட்டார்.

“ஏலே ஜெபமாலை, ஒம் பொண்டாட்டி பேரு கொழும்பு வரைக்கும் போயிருச்சு, தெரியுமா?”

“என்னத்தச் சொல்ற?”

“நேத்து நேயர் விருப்பத்துல வாசிச்சாகப்பா. டீக்கடையில கேட்டேன். பாம்பனிலிருந்து லீமாரோஸ், சவேரியம்மாள், கில்பர்ட்னு, மூணு பேரு.”

ஜெபமாலை தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “மூணு பேருதானா?”

“நானும் காதத் தீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். நாலாவதா ஒம் பேரு வரும் வரும்னு பாத்தா, பாட்டு வந்துருச்சு.”

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அன்று ஜெபமாலை நிறுத்த மூட்டை ஒவ்வொன்றும் எடை குறைந்ததாக வியாபாரிகள் புகார் சொன்னார்கள்.

மாலையில் லீமாரோஸ் கிளம்புவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“ரேடியோவுக்கு ஒம் பேர எழுதிப் போட்டது யாரு? அந்தக் கில்பர்ட்டா?”

“அவருக்கு எங்க நேரம்? நாந்தான் கார்டு எழுதினேன்.”

“அவன் பேர எழுதத் தெரிஞ்சவளுக்கு எம் பேரு எழுதத் தெரியலையாக்கும்?”

லீமாரோஸ் அவரை ஒரு நிமிடம் ஏற இறங்கப் பார்த்தாள். “ரேடியோவுக்குப் பேரு எழுதுறவன்லாம் வேலையத்தவன்னு சொன்னது யாரு? எழுதவான்னு ஒங்களக் கேட்டதுக்குத்தான் அதச் சொன்னீக. வேலையுள்ள மனுசன வேலையத்தவுக கூடச் சேக்கலாமா?”

பதில் நியாயமாக இருந்தது. நியாயமான பதிலைப்போல ஒரு மனிதனைக் கோபப்படுத்துவது வேறில்லை. ஜெபமாலை அன்றே முடிவு செய்தார்: வீட்டுக்கு ரேடியோ வரவேண்டும். நான்கு மணிக்கு லீமாரோஸ் இந்த வாசலைத் தாண்டக்கூடாது. மனைவியை வீட்டில் இருக்கச் சொல்லலாமே என்று யாராவது கேட்கலாம். சொன்னால் இருந்துவிடுவாள். அதுதான் அவருக்கு வேண்டாம். அவளாக இருக்கவேண்டும்.

செய்தி கேள்விப்பட்டு, அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கில்பர்ட் கூடவே நடந்து வந்தான்.

“அண்ணே, ரேடியோ வாங்கப் போறீகளாமே. நம்ம கரைக்கு ஒரு பேண்டு போதும்ணே. கடலு மேல சத்தம் தன்னால வழுக்கிக்கிட்டு வந்துரும். சின்னதா, லேசானதா பாருங்க. பேட்டரி எல்லாக் கடையிலயும் கெடைக்கிறதா பாருங்க. அம்புட்டுத்தான்.”

சும்மா பொழுதுபோக்குக்கு ரேடியோ வாங்குகிறவனுக்கு இதைவிட நல்ல யோசனையை யாரும் சொல்லமுடியாது. ஜெபமாலையும் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார், எதையெல்லாம் வாங்கக்கூடாது என்று தெரிந்துகொள்வதற்காக.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராமநாதபுரத்துக்கு ரயில் ஏறினார். அரண்மனைப் பக்கம் பால்சாமி என்பவர் ரேடியோக் கடை வைத்திருந்தார். அவர் கண்ணாடிப் பலகைமேல் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார்.

“இது ஒரு பேண்டு. சின்னது.”

“அத எடுத்து உள்ள வைங்க.”

“இது ரெண்டு பேண்டு. ஒரு மீடியம், ஒரு ஷார்ட்வேவ். இந்தாங்க, தூக்கிப் பாருங்க, காத்து மாதிரி இருக்கும். முள்ளு லேசாத் திரும்பும், சத்தம் உருண்டையா இருக்கும். வீட்டுல வச்சுக் கேக்க இதுதான் தோது. நான் வீட்டுல இதத்தான் வச்சிருக்கேன்.”

“அது என்ன?”

“அது மூணு பேண்டுங்க. ஷார்ட்வேவே ரெண்டு. லண்டன், மாஸ்கோ எல்லாம் எடுக்கும். ஆனா முள்ளு மயிரிழை தவறினா ஸ்டேசன் ஓடிப்போகும். சாவகாசமா உக்காந்து தேடுறவுகளுக்கு ஆகும். நீங்க எதுக்குக் கேக்கப் போறீக? பாட்டா, சேதியா?”

ஜெபமாலை பாட்டோ சேதியோ கேட்பதற்காக வாங்க வரவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த ஒரே சோதனையைச் செய்தார். இரண்டு பெட்டிகளையும் கைக்கொன்றாக ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு எடை பார்த்தார்.

கிட்டங்கியில் இருபது வருஷமாக அவர் செய்துவந்ததும் இதுதான். அவர் கை ஒரு சிப்பம் கருவாட்டைத் தூக்கினால், அது கனத்ததென்றால், தயங்காமல் ஒதுக்கி வைப்பார். கனக்கிற கருவாடு காயாத கருவாடு, உள்ளே ஈரமிருக்கிறது, இன்றைக்கு எடை காட்டி நாளைக்குப் புழுக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவரை ஏமாற்றிய வியாபாரி தொண்டியிலிருந்து தனுஷ்கோடிவரை ஒருவரும் இல்லை. அப்படிப்பட்ட கை, அன்று கனமான பெட்டியைக் கீழே வைக்க மறுத்தது.

“இதையே கட்டுங்க,” என்றார்.

திரும்பும் ரயில் பாம்பன் பாலத்தில் ஏறியதும் பெட்டியைத் திறந்து மடியில் வைத்து முடுக்கினார். பாலத்து இரும்புக்கும் ரயில் சத்தத்துக்கும் நடுவே அதிலிருந்து ஒரு ஊளை மட்டும் வந்தது. எதிரே இருந்த பெரியவர், “என்ன தம்பி, குட்டி நாயா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும்போது ஆறு மணி ஆகிவிட்டது. லீமாரோஸ் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை ஜெபமாலை ஓரக்கண்ணால் கண்டு, ஏரியல் கம்பியை முழம் நீளத்துக்கு இழுத்துவிட்டார். முதல் பேண்டில் முள்ளை வைத்திருந்தால் கொழும்பு கணீரென்று வந்திருக்கும். ஆனால் அது கில்பர்ட் வீட்டிலும் வருகிற பேண்டு. ஜெபமாலை மூன்றாவதைத் திருகினார். அரபி வந்தது. பிறகு யாரோ மூக்கால் பேசினார்கள். பிறகு நெடுநேரம் சடசடவென்ற சத்தம்.

“யாரோ மீன் பொரிக்கிறாக,” என்றாள் லீமாரோஸ்.

“பொறு. நாளைக்கி நாலு மணிக்குப் பாரு. பாட்டுப் பிச்சு ஒதறும்.”

“நாளைக்கா?” லீமாரோஸ் அவரை வினோதமாகப் பார்த்தாள். “நாளைக்கி விபூதிப் புதன். தபசுக் காலம் ஆரம்பிக்குது. நாப்பது நாளைக்கு யாரு வீட்டுல சினிமாப் பாட்டு வைப்பாக?”

பாம்பன் கத்தோலிக்க வீடுகளில் ஈஸ்டர் வரையிலான தபசுக் காலத்தில் கல்யாணம் இல்லை, மேளம் இல்லை, பாட்டும் இல்லை. நாற்பது வயதுவரை ஒரு விபூதிப் புதனையும் தவறவிடாதவர் ஜெபமாலை. சகலையை நினைத்தே நாட்களை ஓட்டியதில், கர்த்தரின் நாட்காட்டி அவர் கண்ணில் படாமல் போய்விட்டது.

முதலில் இடிந்துபோனார். நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து திரும்பும்போதுதான் இதிலிருந்த லாபம் புரிந்தது. பாட்டுக்குத்தானே தடை? சேதிக்கு இல்லையே! ஒரு பேண்டு ரேடியோவைத் தோல் உறைக்குள் போட்டு கில்பர்ட் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டதாகக் கேள்வி. லண்டன் தமிழும் டில்லிச் சேதியும் எடுக்க, அந்தத் தெருவில் இனி ஒரே ரேடியோதான். அன்று மாலை இன்னாசி வந்தார். மறுநாள் சூசைமுத்து வந்து, நாற்காலி இல்லாததால் தரையில் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் எட்டுப் பேர் கூடினார்கள். ‘மூணு பேண்டு ஜெபமாலை’ என்று தெரு அவருக்குப் பெயர் வைத்தது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் மாறவில்லை. நான்கு மணிக்கு லீமாரோஸ் கடுங்காப்பியை மூடிவைத்தாள்.

“சவேரி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்.”

“அங்கதான் ரேடியோ பாடாதே!”

“பாடாட்டி என்ன?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜெபமாலை முள்ளைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லண்டன் வந்து வந்து போனது. இதுவரை அவர் பொறாமைப்பட ஒரு பெட்டி இருந்தது. அதைவிடப் பெரிய பெட்டி வாங்கினால் தீர்ந்தது என்று நம்பினார். இப்போது எதைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்றே தெரியவில்லை. தெரியாததால் அது இரண்டு பங்காக வளர்ந்தது. ஒன்பதாம் நாள், கூடியிருந்தவர்களிடம் பேட்டரி வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு, கில்பர்ட் வீட்டுக் கொல்லைப் பக்கமாகப் போனார். ஓலை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்.

அக்காளும் தங்கையும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். கில்பர்ட் இல்லை. ரேடியோ இல்லை. ஆனால் ரேடியோக் குரல் ஒன்று இருந்தது.

“நேயர்களே, அடுத்ததாக...” என்றது அந்தக் குரல். குழைந்து, இழுத்து, கொழும்பிலிருந்தே வருவதுபோல் வந்தது. “பாடல் இல்லை. தபசுக் காலம். ஆகவே பெயர்களை மட்டும் வாசிக்கிறோம். ஓட்டு வீட்டில் வெந்துகொண்டிருக்கும் இன்னாசி... நாற்காலியை விட்டு எழ முடியாத சூசைமுத்து...”

சவேரியம்மாள் இறாலைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அக்கா, அத்தானையும் வாசியேன்!”

“பாம்பனிலிருந்து மூன்று பேண்டு ஜெபமாலை,” என்றாள் லீமாரோஸ், மூச்சுவிடாமல். “இவர் விரும்பிக் கேட்பது, மீன் பொரிக்கும் சத்தம்.”

ஜெபமாலைக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைக் கையாள அவருக்குத் தெரியும். பதினொரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார். இப்படி ஒரு குரல் அவளிடம் இருந்தது அவருக்குத் தெரியாது. இன்னாசியின் ஓடும் சூசைமுத்துவின் நாற்காலியும் அவர் வாயிலிருந்து புலம்பலாக வந்தவைதான். அவை அவள் கைக்கு வந்ததும் வேடிக்கையாகிவிட்டன. அந்த வேடிக்கையை அவள் அவரிடம் திருப்பிக் கொண்டுவரவில்லை. தங்கைக்குக் கொடுத்திருந்தாள்.

படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இருவரும் சட்டென்று வாயை மூடினார்கள். சவேரியம்மாள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, “வாங்கத்தான், காப்பி போடவா?” என்றாள். அந்த மரியாதை அவரை வேலிக்கு வெளியே நின்றதைவிட அதிக தூரத்தில் நிறுத்தியது.

“அடுத்த பேர வாசி,” என்றார் லீமாரோஸிடம்.

“என்ன பேரு? சும்மா பேசிக்கிட்டிருந்தோம்.”

“சும்மா பேசினதத்தான் வாசிக்கச் சொல்றேன்.” இறால் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினார்.

லீமாரோஸ் தங்கையைப் பார்த்தாள். தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். சற்று நேரம் மூன்று பேரும் உரித்தார்கள். பிறகு லீமாரோஸ் தொண்டையைச் செருமினாள்.

“சேதிகள்,” என்றாள், இந்தத் தடவை டில்லிக் குரலில், விறைப்பாக. “வாசிப்பது லீமாரோஸ். பாம்பனில் பேட்டரி வாங்கப் போன ஒருவர் காணாமல் போய்விட்டார். அவரது வீட்டில் எட்டுப் பேர் பட்டினியாகச் சேதிக்குக் காத்திருக்கிறார்கள்.”

ஜெபமாலை சிரித்தார். ஆனால் சவேரியம்மாள் அவருக்கு முன்பே சிரித்துவிட்டாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து நான்கு மணிக்கு இரண்டு பேராகப் போனார்கள். மூன்று பேண்டு ரேடியோவை இன்னாசி முடுக்கினார். அவருக்கு முள் அழகாக வசப்பட்டது என்றும் லண்டன் அவர் கையில் ஓடிப்போவதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். ஜெபமாலை பரிதாபப்படக்கூட மறந்துபோனார். லீமாரோஸ் பங்குச் சாமியாரை வாசித்தாள், தபால்காரரை வாசித்தாள், பாலத்தில் நின்றுபோன ரயிலை வாசித்தாள். முந்திச் சிரிக்க ஜெபமாலை பழகிக்கொண்டார்.

நாற்பது நாட்கள் முடிந்தன. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள், சரியாக நான்கு மணிக்கு, சவேரியம்மாள் பெட்டியைத் திறந்து ஒரு பேண்டு ரேடியோவை எடுத்துக் கொல்லைத் திண்டில் வைத்தாள். கில்பர்ட் சொன்னதுபோலவே கடல்மேல் வழுக்கிக்கொண்டு பாட்டு வந்தது. ஒரு பிசிறு இல்லை. லீமாரோஸ் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். ஒரு பாட்டு முடிந்தது. கொழும்பு அறிவிப்பாளர் குழைந்து பேசினார். அடுத்த பாட்டு வந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஜெபமாலை எட்டி ரேடியோவை நிறுத்தினார்.

“ஏன், என்னாச்சு?” என்றாள் லீமாரோஸ்.

“பேட்டரி தீந்துபோகும்ல,” என்றார் ஜெபமாலை, சகலையின் பேட்டரிமேல் முதல்முறையாக அக்கறை வந்தவராக.