வசந்தாமணி இறங்கி நின்ற ஓடை

பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மெண்ட் காம்ப்ளெக்ஸில் இருந்த தமிழ்ப் பெண்களில் போலீஸிடம் சம்மன் வாங்கியவர் வசந்தாமணி ஒருவர்தான். தப்பை ஒத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னபோது, முடியாது என்று சொன்னவரும் அவர்தான்.

அவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். அங்கே தாலுகா அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் எட்டு வருடம் வரைவாளராக இருந்தார். கணவர் கிட்டுசாமிக்கு நியூ ஜெர்சியில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்து, 1992-ல் அவரோடு புறப்பட்டு வந்தார். மனைவிக்குரிய விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. அடுத்த வருடம் மகள் வெண்பா பிறந்தாள். பால் புட்டி, லாண்டரி, சமையல் என்று இரண்டு வருடம் ஓடியது. "கை சும்மா இருக்கறது வேற, மூளை சும்மா இருக்கறது வேறங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். வேறு புலம்பல் எதையும் நான் கேட்டதில்லை.

மாடி வீட்டில் ஹிரோமி என்ற ஜப்பானியப் பெண் குடியிருந்தார். வசந்தாமணியின் வயதுதான். அவருக்கும் அதே விசா, அதே சும்மா. இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனாலேயே தயக்கமில்லாமல் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் பார்க்கிங் லாட்டில் ஹிரோமி ஒரு முழ நீளக் குழாயை எடுத்து, உள்ளேயிருந்து ஒவ்வொரு கணுவாக இழுத்தார். பன்னிரண்டு அடிக்கு நீண்டது. தூண்டில்கோல். ஆனால் நரம்பு சுற்றும் ரீல் கிடையாது. கோலின் நுனியிலேயே நரம்பு கட்டியிருந்தது. அதன் மறுமுனையில் நூலும் இறகும் சுற்றி ஈ மாதிரி செய்த ஒற்றை முள். புழு இல்லை, ஈயக்குண்டு இல்லை. ஜப்பானிய மலை ஓடைகளில் இப்படித்தான் பிடிப்பார்கள் என்றார் ஹிரோமி. அதன் பெயர் தென்காரா.

வசந்தாமணியின் காதில் தென்கரை என்று விழுந்தது. எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கோடையில் இருவரும் ரூட் எண்பது நெடுஞ்சாலையில் மேற்கே முக்கால் மணி நேரம் போய் டன்ஃபீல்டு கிரீக்கில் இறங்கினார்கள். பாறைகளுக்கு நடுவே படிப்படியாக விழும் குளிர்ந்த தண்ணீர். ஒவ்வொரு படிக்குக் கீழும் ஒரு சின்ன மடு. நீளக் கோலை நீட்டினால் நரம்பு தண்ணீரில் படாது, ஈ மட்டும் படும். நான்காவது முறை போனபோது வசந்தாமணியின் கோல் துடித்தது. உள்ளங்கை நீள ட்ரவுட் மீன். முதுகில் புழு ஊர்ந்தது போன்ற கோடுகள், விலாவில் சிவப்புப் பொட்டுகள். பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டார்.

1996-ல் ஹிரோமியின் கணவருக்கு ஒசாகாவுக்கு மாற்றல் வந்தது. போகும்போது கோலை வசந்தாமணியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எங்கே போவது என்பதை வசந்தாமணி தானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தூண்டில் கடையில் கேட்டால் பெரிய ஆறுகளைச் சொன்னார்கள். அகலமான ஆற்றுக்கு இந்தக் கோல் எட்டாது. அவர் பொது நூலகத்துக்குப் போய் நில வரைபடங்களைக் கேட்டு வாங்கி மேஜையில் விரித்தார். உயரக் கோடுகள் நெருங்கி வரும் இடத்தில் சரிவு அதிகம். அதன் நடுவே மெல்லிய நீலக் கோடு போனால் அது மலை ஓடை. பக்கத்தில் ரோடும் அரசாங்க வனமும் இருந்தால் போகலாம். எட்டு வருடம் செய்த வேலைதான் அது. ஒரே வசந்த காலத்தில் பத்து ஓடைகளைக் குறித்தார். சனிக்கிழமை காலைகளில் குழந்தையைக் கிட்டுசாமியிடம் விட்டுவிட்டு, தானே கார் ஓட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனார்.

இது தமிழ்க் குடும்பங்களுக்குள் பேச்சாயிற்று. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில், எல்லோர் தட்டிலும் புளியோதரை இருக்கும்போது, சேனாபதி அங்கிள் கேட்டார்: "ஏம்மா, மீன் வேணும்னா எடிசன் கடைல ஃப்ரெஷ்ஷா கிடைக்குதே. எதுக்கு தனியா காட்டுக்கு டிரைவ் பண்ணிட்டுப் போற?"

"அங்கிள், நீங்க வாராவாரம் கோல்ஃப் போறீங்க. பந்து கடைல கிடைக்காதுங்களா?"

அங்கிள் தவிர எல்லோரும் சிரித்தார்கள். கிட்டுசாமி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1997 மே மாதம் அவர் ஏழாவது ஓடைக்குப் போனார். வடக்கே, மலையடிவாரத்தில், ஸ்லேட் ஹாலோ என்ற இடம். பாலத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, தண்ணீரோடு கீழ்நோக்கி நடந்து, ஒரு தட்டைப் பாறைமேல் நின்று கோலை நீட்டினார். வரைபடத்தில் அந்த இடம் அரசாங்க நிலம் என்று பச்சையாக இருந்தது. ஆனால் மரங்களில் 'உள்ளே வராதே' என்ற பலகைகள் அடித்திருந்தன. பச்சை நிறத்தை நம்பி அவர் நின்றார்.

அரை மணியில் ஹார்லன் என்ற பெரியவர் வந்தார். அந்த ஊர் வேட்டை, மீன்பிடி கிளப்பின் தலைவர். இது கிளப்பின் ஓடை, வெளியே போ என்றார். வசந்தாமணி கழுத்தில் தொங்கிய மீன்பிடி லைசென்ஸைக் காட்டினார்.

"ஐ ஹாவ் லைசென்ஸ் சார். திஸ் இஸ் ஸ்டேட் லாண்ட்."

ஹார்லன் கோலைப் பார்த்தார். ரீல்கூட இல்லை, இது மீன்பிடிப்பே இல்லை, குழந்தை விளையாட்டு என்றார். போகும்படி மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் வசந்தாமணி நின்ற இடத்திலிருந்தே "நோ சார்" என்றார். ஹார்லன் போய் போலீஸைக் கூட்டிவந்தார். வந்த இளம் அதிகாரி பலகையைப் பார்த்தார், ஹார்லனைப் பார்த்தார், சம்மன் எழுதினார். எச்சரித்த பிறகும் அத்துமீறி நுழைந்த குற்றம்.

அன்றைக்கு வீட்டில் சமையல் நடக்கவில்லை.

"கிரீன் கார்டு பேப்பர் கடைசி ஸ்டேஜ்ல இருக்குது மணி," என்றார் கிட்டுசாமி. "இப்பப் போய் போலீஸ் கேஸா? கோர்ட்ல ஒத்துக்கிட்டா சின்ன ஃபைனோட விட்ருவாங்களாமா. சேனாபதி சார் விசாரிச்சுச் சொன்னாரு."

"தப்பு பண்ணியிருந்தா ஒத்துக்குவேனுங்க. பண்ணலையே."

"பண்ணலைன்னு நீ சொன்னா போதுமா? அவங்க ஊரு, அவங்க போலீஸு."

"நிலம் அவங்களுதில்லைங்களே."

வெண்பா அறை வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, ஆர் யூ கோயிங் டு ஜெயில்?" என்றாள்.

"இல்ல கண்ணு. ரெக்கார்டு ரூமுக்குப் போறேன்."

அப்படியே செய்தார். மாவட்ட அளவிலான கவுண்டி ஆவண அறையில் நான்கு நாள் உட்கார்ந்தார். முதல் நாள் அங்கிருந்த பெண்மணி, வக்கீலை அனுப்பச் சொன்னார். நானே படிப்பேன் என்றார் வசந்தாமணி. பழைய பத்திரப் பதிவுகளில் அளவுகள் அடியில் இல்லை, சங்கிலியிலும் லிங்க்கிலும் இருந்தன. அதைப் பார்த்ததும் அவரால் உட்கார முடியவில்லையாம், எழுந்து நின்று படித்தாராம். வெள்ளைக்காரன் கோபியில் விட்டுப்போன அதே சங்கிலி. ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி, அதில் நூறு லிங்க்.

மூன்றாம் நாள் கிடைத்தது. 1961-ல் ஓர் அணை கட்டுவதற்காக, பாலத்திலிருந்து ஓடையோடு பத்துச் சங்கிலி தூரத்துக்கு, இரண்டு கரைகளையும் சேர்த்து அரசு வாங்கியிருந்தது. அணை வரவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததாக எந்தப் பத்திரமும் இல்லை. நான்காம் நாள், அதற்குப் பிறகு எழுதப்பட்ட கிளப்பின் சொந்தப் பத்திரத்தையும் தேடி எடுத்தார். அதிலேயே 'மேற்படி பத்துச் சங்கிலி நீங்கலாக' என்று ஒரு வரி இருந்தது.

இனி அளக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூறடி டேப்பை வாங்கிக்கொண்டு கிட்டுசாமியைக் கூப்பிட்டார்.

"மறுபடி போலீஸ் பிடிச்சா?"

"பிடிக்கட்டுங்க. நீங்க பாலத்துல நின்னு டேப்போட தலையை மட்டும் பிடிங்க."

கிட்டுசாமி போனார். வெண்பாவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனதால் எனக்குத் தெரியும். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் போனார். பாலத்தில் தொடங்கிய டேப்பை அவர் நான்கு முறை நகர்த்திப் பிடித்தார். பாறைவரை நானூற்றுப் பன்னிரண்டு அடி. எல்லை அறுநூற்று அறுபதில். திரும்பி வரும்போது அவர் குரலே மாறியிருந்தது. "இருநூத்தி நாப்பத்தெட்டு அடி உள்ளதான் நின்னிருக்கா," என்று எங்களிடம் இரண்டு முறை சொன்னார். அன்று சாயங்காலம் வசந்தாமணி மேஜையில் தாளை விரித்து, மையில் புலப்படம் வரைந்தார். பாலம், ஓடை, பாறை, ஒவ்வொரு பலகையும் அடித்திருந்த மரம். வடக்குக் குறியை வரைந்து, கீழே கையெழுத்தும் போட்டார்.

டவுன்ஷிப் கோர்ட் புதன்கிழமை காலையில். அரசுத் தரப்பு வக்கீல் தாழ்வாரத்திலேயே வந்து, குற்றத்தைச் சிறியதாக மாற்றித் தருகிறேன், ஒத்துக்கொள்ளுங்கள் என்றார். வசந்தாமணி தலையாட்டி மறுத்தார். நீதிபதி ஒரு நடுவயதுப் பெண். வக்கீல் இல்லையா என்று கேட்டார்.

"நோ மேடம். ஐ ஹாவ் மேப்."

படத்தையும் பத்திர நகல்களையும் மேலே கொடுத்தார். நீதிபதி வெகுநேரம் பார்த்தார். சங்கிலி என்பது எத்தனை அடி என்று கேட்டபோது, அங்கிருந்த வக்கீலுக்குத் தெரியவில்லை. வசந்தாமணி சொன்னார். ஹார்லனிடம் இதை மறுக்க வேறு பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார் நீதிபதி. ஐம்பது வருடமாக எங்கள் ஓடை, எல்லோருக்கும் தெரியும் என்றார் ஹார்லன். எல்லோருக்கும் தெரிந்தது தனக்குப் போதாது என்று சொல்லி, மாநில அலுவலகத்தைக் கேட்க நீதிபதி இரண்டு வாரம் தள்ளிவைத்தார். அந்த இரண்டு வாரமும் கிட்டுசாமி தூங்கவில்லை, வசந்தாமணி நன்றாகத் தூங்கினார். மறுபடி போனபோது மாநில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. நிலம் அரசாங்கத்துடையதுதான். வழக்குத் தள்ளுபடி.

வெளியே ஹார்லன் எதிர்ப்பட்டார். வழக்கு போனால் என்ன, நீ செய்வது இன்னமும் மீன்பிடிப்பு இல்லை என்றார்.

"மீன் கிட்டக் கேளுங்க," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தார் வசந்தாமணி. அதை மொழிபெயர்க்கும்படி ஹார்லன் கேட்டபோது, கூட வந்திருந்த கிட்டுசாமி மறுத்துவிட்டார்.

சனிக்கிழமை வசந்தாமணி அதே பாறைக்குப் போனார். பலகைகள் அப்படியே இருந்தன. மாநில அலுவலகத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினார். இலையுதிர் காலத்தில்தான் ஆட்கள் வந்து கழற்றினார்கள். அதுவரை ஒரு வாரம்கூட விடாமல் அந்தப் பலகைகளுக்குக் கீழேதான் நின்று பிடித்தார். கிரீன் கார்டு அடுத்த வருடம் தடையில்லாமல் வந்தது. வேலை அனுமதி கிடைத்ததும் மோரிஸ்டவுனில் ஒரு நில அளவையாளர் அலுவலகத்தில் சேர்ந்தார். நேர்காணலுக்கு ஸ்லேட் ஹாலோ படத்தைத்தான் எடுத்துப் போனாராம்.

ஆனால் அத்தோடு அவர் விடவில்லை. பத்து ஓடைகளுக்கும் போகும் வழி, கார் நிறுத்தும் இடம், எந்த மாதத்தில் தண்ணீர் நன்றாக இருக்கும், எங்கிருந்து எதுவரை அரசாங்க நிலம் என்று ஒரே தாளில் ஆங்கிலத்தில் டைப் செய்தார். ஸ்லேட் ஹாலோவுக்கு மட்டும் அடிக்கணக்கையும், பத்திரப் பதிவின் பக்க எண்ணையும் சேர்த்தார். ஓடைக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊர்த் தூண்டில் கடையின் வெளிச்சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையில் அதைக் குத்திவிட்டு வந்தார். அடுத்த வாரம் யாரோ கிழித்திருந்தார்கள். மறுபடி குத்தினார். மறுபடி கிழித்தார்கள். நான் டெக்ஸஸுக்கு மாறிப்போவதற்கு முந்தைய சனிக்கிழமை, 2000 ஜூன் மாதம், அவரோடு நானும் போனேன். காரின் பின்சீட்டில் ஐம்பது ஜெராக்ஸ் பிரதிகள் கட்டாக இருந்தன. பலகை காலியாகக் கிடந்தது. வசந்தாமணி நான்கு மூலையிலும் நான்கு ஊசிகளைக் கட்டை விரலால் அழுத்திக் குத்தினார். கடைக்குள்ளிருந்து இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படிங்க," என்று அவர்களைப் பார்த்துக் கையால் சைகை காட்டிவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார்.