நீலக் கதவு

அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றபின், நான்கு வருடம் பெரம்பலூரில் பார்சல் வேன் ஓட்டினேன். காலையில் ஐம்பது அறுபது பொட்டலங்களை ஏற்றினால், ஊர் ஊராகக் கொடுத்து முடித்த பிறகுதான் வீடு. அந்த வேலையில் நான் சொன்ன ஒரு பொய்யை இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் ஆள் இல்லையென்றால் பூட்டிய கதவைப் போனில் படமெடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்; அது பார்சலுக்கு உரியவர் போனுக்கும் போகும். லெப்பைக்குடிக்காட்டில் பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கும்.

"பாதி ஊரு துபாய்ல கெடக்கு பெரியவரே. ஏதோ ஒரு பூட்டப் புடிச்சு அனுப்பிட்டு வருவீங்களா, கருவாடாக் காயிறீங்களே!" என்று குடோனில் மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை மதியம், அந்த ஊரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அண்ணே, பார்சல் இன்னிக்கி வந்துருமா? எங்க அத்தாவுக்குக் காது மிஷின். தம்பி சண்ட போட்டுட்டு துபாய் போனவன், மூணு வருஷமாப் பேசல. இன்னிக்கி சாயங்காலம் பேசுறேன்னுருக்கான். இவருக்கா, இடி விழுந்தாலும் கேக்காது."

"வந்துட்டே இருக்கேம்மா" என்றேன்.

அவள் ஊருக்குப் போகும் வழியில் ரஞ்சன்குடி வரை வந்தேன். அந்த ஒரு பொட்டலம்தான் மீதி. வெயிலில் கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போனது. இவை காரணங்கள் அல்ல. போயிருக்க முடியும், போகவில்லை. சாலையோரம் பூட்டிக் கிடந்த ஒரு நீலக் கதவைப் படமெடுத்து அனுப்பிவிட்டு வண்டியைத் திருப்பினேன். அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த வீட்டுக்குப் போனேன். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. பச்சைக் கதவு, இரண்டு பக்கமும் திறந்திருந்தது. ஞாயிறு விடியலில் அவளுடைய தகப்பனார் இறந்து, அன்று மதியமே அடக்கமும் முடிந்திருந்தது.

"தம்பி பேசுனாராம்மா?" என்று கேட்டேன்.

"பேசுனான்யா. 'மன்னிச்சிருங்கத்தா'ன்னு அழுவுறான். இவரு 'என்னாம்மா சொல்றான்'னு என்னையக் கேக்குறாரு. கத்திச் சொன்னேன். 'நீ சொல்லாத, அவன் வாயால கேக்குறேன். மிஷின் வந்துரும்ல'ன்னுட்டாரு."

பிறகு தன் போனை நீட்டினாள். "பூட்டியிருக்குன்னு படம் வந்துச்சு. நான் வாசல்லயேதான் நின்னேன். இது எங்க கதவே இல்லையேய்யா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கம்ப்யூட்டர்ல விலாசம் மாறிப்போச்சும்மா" என்றேன்.

"அதான பாத்தேன். வரேன்னு சொன்ன மனுஷன் வராம இருப்பாரான்னு." நம்பிவிட்டாள். வெயிலில் வந்திருக்கிறேனே என்று ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். பொட்டலத்தைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னாள். எடுத்துப் போனேன்.

வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. உண்மையை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் ரஞ்சன்குடியில் இறங்கிவிட்டேன்.